அருகுக்கு மாத்தாள் போனவ

நம்புறவங்க முன்னால உக்காருங்க, நம்பாதவங்க பின்னால உக்காருங்க, நடுவுல எந்திரிச்சுப் போறவங்க மட்டும் காலடியப் பாத்துப் போங்க, ஏன்னா மிதிபடுற புல்லு எந்தப் புல்லு, அது யாருகிட்ட என்ன பேசி வச்சிருக்குன்னு நமக்குத் தெரியாது.

ஒத்தப்பனைப்பட்டின்னு ஒரு கரிசக்காட்டு ஊரு. அந்த ஒத்தப் பனை இடி விழுந்து கருகி இருவது வருசமாச்சு, ஆனா பேர மாத்தணும்னா மனு எழுதணும், மனு எழுதத் தெரிஞ்சவன் எல்லாம் ஊர விட்டுப் போயிட்டான், அதனால மரம் போயும் பேரு மட்டும் நட்டுக்கா நிக்குது. அந்த ஊருக்குக் கிழக்க, ஓடைக்கு அங்கிட்டு, நாலு ஏக்கரு. கீகாடுன்னு பேரு. ஆவுடைத்தாயும் அவ புருசன் அரிராமரும் பாடுபட்ட காடு. மழை பேஞ்சா காலப் புடிச்சுக்கிட்டு விடாது, வெயில் அடிச்சா வாயப் பொளந்துக்கிட்டு கெடக்கும், அப்படியாப்பட்ட மண்ணு. அதுல உளுந்து விதைச்சா உளுந்து வரும் கூடவே அருகு வரும், கம்பு விதைச்சா கம்பு வரும் கூடவே அருகு வரும், ஒண்ணுமே விதைக்காம விட்டா ஒண்ணும் வராதுன்னு நினைப்பீங்க, அப்பத்தான் அருகு சொந்தபந்தத்தோட வரும்.

அருகம்புல்லப் பத்தி நான் சொல்லணுமா? மேல ஒரு சாண், கீழ மூணு முழம். ஒண்ண வெட்டுனா ரெண்டாகும், ரெண்ட வெட்டுனா நாலாகும், டிராக்டர விட்டு உழுதா, கல்யாண வீட்டுல பூந்தி அள்ளி வச்ச மாதிரி நாலு ஏக்கருக்கும் சமமாப் பரிமாறிட்டுப் போயிரும். மருந்தும் அடிச்சுப் பாத்தாங்க. கம்பு செத்துச்சு, அந்தப் பக்கமாப் போன ஓணான் ஒண்ணு செத்துச்சு, அருகு மட்டும் ரெண்டு நாளு மஞ்சளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்துட்டு மூணாம் நாளு புதுமாப்பிள்ளை கணக்கா எந்திரிச்சு நின்னுச்சு. அதுக்கு ஆகாதது ஒண்ணே ஒண்ணுதான், நிழலு. நிழல்ல போட்டா சோந்து போயிரும். கரிசக்காட்டுல நிழலுக்கு எங்க போக? மனுசனுக்கே கெடையாது.

ரெண்டு வருச வெள்ளாமைய அருகு தின்னுச்சு. மூணாம் வருசம் கம்பு விதைச்ச மறுநாள் அரிராமர் கட்டில்ல படுத்தாரு. காய்ச்சல் இல்ல, தலைவலி இல்ல, சும்மா படுத்தாரு. மொகட்டுல ஓடுற பல்லியப் பாத்துக்கிட்டே சொன்னாரு:

"ஏளா, தை மாசம் சோலார்க்காரன் காட்டக் கேட்டு வர்றான். இந்த வெள்ளாமை வீடு வந்து சேந்துச்சுன்னா அவனுக்குக் காப்பியக் குடுத்து அனுப்பிருவோம். இதையும் அருகு தின்னா, கையெழுத்தப் போட்டுட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். எனக்கு இதுக்கு மேல மாரு தெம்பு இல்ல."

"படுத்துக் கெடக்குறதுக்கு மட்டும் தெம்பு இருக்காக்கும்?"

"அதுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு"ன்னாரு அரிராமரு. பொய் இல்ல.

திருப்பூர்ல ஆவுடைத்தாயோட தங்கச்சி பனியன் கம்பெனியில இருக்கா. ஒரு தடவ இவ போயிருக்கா. மூணாவது மாடி, ஒத்த ரூமு, குழாயடியில எட்டு வீட்டுக் கொடம். மண்ணு எங்கடி இருக்குன்னு இவ கேக்க, தங்கச்சி பெயிண்ட் டப்பாவுல வச்சிருந்த துளசியக் காட்டுனா. ஆவுடைத்தாய் அந்த டப்பாவுக்குள்ள விரல விட்டுப் பாத்தா, ரெண்டாவது கணுவுலயே தகரம் தட்டுச்சு. அன்னைக்கு முழுக்க அவளுக்குச் சோறு எறங்கல. அதனால கீகாட்டுக் கம்பு வீடு வந்து சேரணும். அவளுக்கு வேற சாமி கெடையாது, வேற வேண்டுதலும் கெடையாது.

சரி, களை எடுக்க ஆளு வேணுமே. இங்கதான் மாத்தாள் வழக்கத்தச் சொல்லணும். கூலிக்கு ஆள் கூப்பிட முடியாத வீடுக எல்லாம் அந்த ஊர்ல ஒருத்திக்கொருத்தி மாத்தாள் போவாங்க. இன்னைக்கு நீ என் காட்டுக்கு வா, நாளைக்கு நான் ஒன் காட்டுக்கு வர்றேன். வாயால கூப்பிடக் கூடாது. சாயங்காலம் ஒன் களைவெட்டியக் கொண்டு போயி அவ வாசல்ல போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரணும். இஷ்டமில்லாதவ அதை ஒன் வாசல்லயே திருப்பிப் போட்டுருவா, தப்பில்ல, சண்டையுமில்ல. திருப்பிப் போடலைன்னா பேச்சு முடிஞ்சுச்சு, வந்து செஞ்சுட்டுப் போவா. அப்புறம் அவ கூப்பிடுற அன்னைக்கு நீ போயே ஆகணும். என்ன வேலைன்னு கேக்கக் கூடாது, நாளைக்குன்னு தள்ளக் கூடாது, ஒனக்கு எத்தனை பேரு வந்தாங்களோ அத்தனை நாளு போகணும். ஒருக்கா போகாம ஏமாத்துனவ வீட்டுல எழவு விழுந்தாலும் தூக்குறதுக்கு ஊரு போகாது. அப்படி ஒரு வழக்கம்.

ஆனா பொம்பளைக எல்லாம் காலையில வேன் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போக ஆரம்பிச்சப்புறம் மாத்தாளுக்கு ஆளு எங்க? கடைசியா மிச்சம் இருந்தவ பக்கத்து வீட்டுக் குருவம்மா. ஐப்பசி மாசம், கம்பு ஒரு சாண் இருக்கும்போது, அருகு ஒன்னரைச் சாண் இருக்கும்போது, ஆவுடைத்தாய் போட்டுட்டு வந்த களைவெட்டியத் தூக்கிக்கிட்டுக் குருவம்மாளே வந்தா.

"மதினி, கோவிச்சுக்கிறாதீங்க. நாளையில இருந்து நானும் வேன்ல போறேன்."

"ஏ குருவு, அப்ப என் காட்டு அருக யாருடி எடுக்க?"

"ஏன், அண்ணன் கட்டில்ல சும்மாதான கெடக்காரு? கட்டிலோட தூக்கிட்டுப் போயி நடுக்காட்டுல போடுங்க. அவர் விடுற பெருமூச்சுக்கே பாதி அருகு கருகிரும்."

உள்ளயிருந்து அரிராமரு ஒரு பெருமூச்சு விட்டாரு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சதும் குருவம்மா களைவெட்டிய வாசல்ல வச்சுட்டுப் போயிட்டா.

மறுநாள் ஆவுடைத்தாய் ஒத்தையில காட்டுக்குப் போனா. உச்சி வரைக்கும் எடுத்தா, நிமிந்து பாத்தா எடுத்த எடம் ஒரு பாய் விரிக்கிற அளவு இருந்துச்சு, எடுக்காத எடம் வானம் தொடுற மட்டும் கெடந்துச்சு. இடுப்புல கையக் குடுத்து நின்னவளுக்கு அழுகை வரல, அவளுக்கு அழுகை வர்ற எடத்துல எல்லாம் வாய்தான் வரும். அருகப் பாத்து ஆரம்பிச்சா:

"ஏ அருகு, ஒன்னையத்தான். ஊர்ல ஒரு பொம்பள மிச்சமில்ல. இனி எனக்கு மாத்தாள் வரணும்னா நீதான் வரணும். வா! வந்து ஒன்னைய நீயே புடுங்கிப் போட்டுட்டுப் போ! ஒனக்கு வேலை வர்ற அன்னைக்கு நான் வர்றேன். ஆவுடை சொன்னாச் சொன்னதுதான், போதுமா?" ன்னு கத்திட்டு, கையில இருந்த களைவெட்டிய அருகு நடுவுல வீசிட்டு, திரும்பிப் பாக்காம வீட்டுக்கு நடந்துட்டா. கோவத்துல நடந்தா. ஆனா திரும்பிப் பாக்காம நடந்தாளா இல்லையா? அதுதான் வழக்கம்.

விடிஞ்சு போயிப் பாத்தா, நாலு ஏக்கர்லயும் கம்பு மட்டும் நிக்குது. அருகு பூராம் வேரோட வெளிய வந்து, மண்ண உதறிக்கிட்டு, வரப்புல கட்டுக் கட்டாப் படுத்திருக்கு. நல்ல களைக்காரி எப்படிக் கட்டிப் போடுவாளோ அப்படி, வேரு ஒரு பக்கம் தலை ஒரு பக்கம், ஒழுங்கா. களைவெட்டிய வரப்புல குத்தி வச்சிருக்கு, கழுவி வேற.

ஆவுடைத்தாய் பாத்துட்டு, மொதல்ல என்ன செஞ்சான்னா, வேலைக்கு வந்த ஆளுக்குக் கஞ்சி ஊத்தலையேன்னு பதறி, வீட்டுக்கு ஓடி, ஒரு தூக்குச்சட்டி கம்மங்கஞ்சியக் கரைச்சுக் கொண்டாந்து கட்டுக்குக் கட்டு ஊத்துனா. மோரு பத்தல, தண்ணிய விட்டுக்கிட்டா.

ஊரே வந்து பாத்துச்சு. யாரும் வாயப் பொளக்கல. இந்த ஊரு அப்படித்தான். குருவம்மா வேனுக்கு நேரமாச்சுன்னு அவசரத்துல ஒரு கட்டத் தூக்கிப் பாத்துட்டு, "மண்ணச் சரியா உதறல மதினி, நானா இருந்தா இன்னும் சுத்தமா எடுத்திருப்பேன்"ன்னு குத்தம் சொல்லிட்டுப் போனா. ஊர்த்தலைவர் கந்தப்பழம் மீசையத் தடவிக்கிட்டே, "கேட்டாத்தான வரும், நம்ம இத்தனை வருசம் கேக்காம விட்டுட்டோமே"ன்னாரு. அன்னைக்குச் சாயங்காலமே ஊர்ல உள்ள அத்தனை களைவெட்டியும் அவங்கவங்க காட்டுக்குள்ள பறந்துச்சு. களைவெட்டி இல்லாதவன் கரண்டிய வீசுனான். வீசிட்டு ஒருத்தரும் திரும்பிப் பாக்கல, ஒரு கிழவரு மட்டும் வேட்டி முள்ளுல மாட்டித் திரும்பிட்டாரு, அவர் காட்டுக்கு மட்டும் அருகு வரல. "மரியாதை தெரியாத மனுசன்"னு ஊரு அவரத்தான் ஏசுச்சு.

விவசாய ஆபீசரு வந்தாரு. பேப்பர எடுத்தாரு. களை எப்படி நீக்கப்பட்டதுன்னு ஒரு கேள்வி, கையாலன்னு ஒரு கட்டம், மிஷினாலன்னு ஒரு கட்டம், மருந்தாலன்னு ஒரு கட்டம், குடும்ப ஆட்களாலன்னு ஒரு கட்டம். தானே எந்திரிச்சுப் போச்சுங்கிறதுக்குக் கட்டமில்ல. பேனாவக் கடிச்சுக்கிட்டு யோசிச்சாரு. "ஏம்மா, கம்பும் புல்லு குடும்பந்தான் தெரியுமா? அருகும் அதே குடும்பந்தான். ஒரு வகையில ரெண்டும் பங்காளி"ன்னு சொல்லிட்டு, குடும்ப ஆட்கள்ல டிக் அடிச்சுட்டுப் போனாரு. பங்காளின்னதும் ஊரே சிரிச்சுச்சு. அதான் நெதமும் வரப்புச் சண்டைன்னு அரிராமரே கட்டில்ல கெடந்து சிரிச்சாரு. அந்தச் சிரிப்ப எல்லாரும் ஒரு ரெண்டு மாசத்துக்குப் பத்திரமா எடுத்து வச்சிருக்கணும், வைக்கல.

ரெண்டு மாசமும் கம்பு வளந்துச்சு. எப்படி வளந்துச்சு! முழங்காலு, இடுப்பு, நெஞ்சு, தலை. கதிரு முழங்கை நீளம். அருகு கெடைக்காம ஆடுக மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அலைஞ்சுச்சு, பிள்ளையாருக்குப் பண்டாரம் வேப்பந்தழையப் போட்டுச் சமாளிச்சாரு, பிள்ளையாரு ஒண்ணும் சொல்லல. ஆவுடைத்தாய் நெதமும் காட்டுக்குள்ள நடுவுல போயி நிப்பா. வெளிய இருந்து பாத்தா ஆளே தெரியாது. அவளுக்கு அப்படி ஒளிஞ்சு நிக்கிறதுல ஒரு சந்தோசம். மார்கழி பாதியில கதிரப் பிதுக்கிப் பாத்தா, பாலு விரல்ல ஒட்டுச்சு. இன்னும் பத்து நாளு. பத்து நாள்ல மணி முத்திரும், அறுத்துரலாம், சோலார்க்காரனுக்குக் காப்பி போடுறதுக்கு நல்ல தூளா வாங்கி வைக்கணும்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தா.

மறுநாள் காலையில கோலம் போடக் கதவத் தொறந்தா, வாசல்ல அருகு கெடக்கு. வேரோட ஒரு கொத்து, நடுவுல முடிச்சுப் போட்டு, படிக்குக் குறுக்க. காத்துல வந்து விழுந்தது இல்ல. போட்டுட்டுப் போனது.

கோலப்பொடிய வச்சுட்டுப் படியிலயே உக்காந்துட்டா. கண்ண மூடித் தொறக்குற நேரத்துல அவ புரிஞ்சுக்கிட்டா. புல்லுக்கு ஏது களைவெட்டி? அதுக்கு வேருதான களைவெட்டி.

தெருவுல பாத்தா, தலைவர் வீட்டு வாசல்லயும் கெடக்கு. அவருதான் ரெண்டாவது ஆளா வீசுனவரு.

குருவம்மா வேனுக்குப் பொறப்பட்டவ நின்னு பாத்தா. "என்ன மதினி, ஒங்கள மாத்தாள் கூப்பிட்டிருக்கு போல? போயிட்டு வாங்க. புல்லுக்கு என்ன பெரிய வேலை இருந்துறப் போகுது? தண்ணி ஊத்தச் சொல்லும், இல்லாட்டி ஆட்ட வெரட்டச் சொல்லும்."

ஆவுடைத்தாய் வாசல்ல கெடந்த முடிச்சையே பாத்துக்கிட்டு இருந்தா. "குருவு, நம்மளுக்கு அது களை. அதுக்கு எது களை?"

குருவம்மா தோள்ல போட்ட பையக் கீழ எறக்கி வச்சுட்டா. வேன்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான்.

ஊரு கூடுச்சு. பிள்ளையார் கோயில் முன்னால எல்லாரும் ஒரே நேரத்துல பேசுனாங்க. கூப்பிட்டதுக்குப் போகணும்னு பாதி, புல்லு எல்லாம் ஒரு ஆளான்னு பாதி. "ஆளு இல்லைன்னா அன்னைக்கு எப்படிய்யா ஆளா வந்து வேலை செஞ்சுச்சு?"ன்னு பண்டாரம் கேட்டாரு, அவருக்குக் காடு கெடையாது, கேக்குறதுக்கு வசதி. தலைவர் கந்தப்பழம் எந்திரிச்சாரு. "எவனாச்சும் பால் புடிச்ச கம்பத் தன் கையால புடுங்குவானா? மாத்தாளாம், மண்ணாங்கட்டியாம். நான் அதைத் தூக்கிக் காட்டுலயே திருப்பி எறிஞ்சுட்டுத்தான் வர்றேன். ஆவுடை, நீயும் எறி. நாளைக்கே பச்சையா அறுத்தாவது எடுத்துரு."

"பச்சையா அறுத்தா அதுல என்ன இருக்கு அண்ணாச்சி, பாலுதான இருக்கு?"

"பத்து நாளு தவணை கேளு."

கேட்டா. கீகாட்டு வரப்புல போயி உக்காந்து, கட்டாக் காஞ்சு கெடந்த அதே அருகுகிட்ட, அன்னைக்குக் கத்துன அதே வாயால, பணிஞ்சு பேசிக் கேட்டா. "தாயி, பத்தே பத்து நாளு. மணி முத்தட்டும். அப்புறம் தட்டை பூராம் நான் புடுங்கித் தாரேன், வேரக்கூட விடாமப் புடுங்கித் தாரேன். வேலை ஒண்ணுதான, என்னைக்குச் செஞ்சா என்ன?" அருகு பேசல. அது என்னைக்குப் பேசுச்சு? ஆனா அவளே கேட்ட கேள்விக்கு அவளுக்கே பதில் வந்துச்சு: அன்னைக்கு அவ வீசுன களைவெட்டிக்கு அது பத்து நாள் தவணை கேக்கல. பூ வச்சிருந்த புல்லு, இன்னும் ரெண்டு நாள்ல விதை விழுந்திரும்னு இருந்த புல்லு, அதுவும் எந்திரிச்சு வந்துச்சு. பூவோடதான் வரப்புல படுத்துக் கெடந்துச்சு. இவதான் பாத்தா.

மறுநாள் காலையில ஆவுடைத்தாய் வாசல்ல ரெண்டு முடிச்சு. தலைவர் வாசல்ல ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லைன்னா, ஒண்ணுமே இல்ல. வாசல்ல நின்ன வேம்பு ஒத்த இலை இல்லாம நிக்கிது. கொல்லையில முருங்கை மொட்டை. சந்தையில வாங்குன கொத்தமல்லிக் கட்டு, வாசப்படியத் தாண்டுனதும் சருகாப் போச்சு. காட்டுல கம்பு தலை நிமிந்துதான் நின்னுச்சு, பிதுக்கிப் பாத்தா பாலும் இல்ல மணியும் இல்ல, உமி. பச்சைன்னு பேரு உள்ள எதுவும் அந்த வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு அதுக கூடிப் பேசி முடிவு பண்ணிருச்சு. ஊரு செய்யிறதத்தான அதுவும் செஞ்சுச்சு. யாரு என்ன குத்தம் சொல்ல முடியும்? தலைவர் அன்னையில இருந்து ரசத்துக்குக் கருவேப்பிலை இல்லாம சாப்பிடுறாரு, அது பெருசில்ல, அவர் பேத்திக்கு வச்ச பூவும் தலையில ஏறுன உடனே கருகுதாம், அதத்தான் சொல்லிச் சொல்லி அழுகுறாரு.

ஆவுடைத்தாய் கஞ்சி குடிச்சா, களைவெட்டிய எடுத்தா, நடந்தா. குருவம்மா அன்னைக்கு வேன விட்டுட்டுக் கூடவே வந்தா.

"மதினி, மெதுவாப் புடுங்குங்க. நாளுக்கு நாளுதான வழக்கம், இத்தனை வரிசைன்னு இல்லையே? கதிரு கதிரா, பேன் பாக்குற மாதிரிப் பாத்துப் பாத்துப் புடுங்குங்க. பொழுது சாயட்டும். பத்து நாள அப்படியே ஓட்டிருவோம்."

நல்ல யோசனைதான். ஆவுடைத்தாயும் அப்படித்தான் ஆரம்பிச்சா. குனிஞ்சா, ஒண்ணு புடுங்குனா, வேரு மண்ண உதறுனா, வச்சா. ரெண்டு புடுங்குனா, உதறுனா, வச்சா. ஆனா முப்பது வருசமா களை எடுத்த கைய்யி. அதுக்கு மெதுவாங்கிறது பழக்கமில்ல. மனசு நில்லு நில்லுங்குது, கை கேக்க மாட்டேங்குது. குனிஞ்சா வரிசை முடியிற வரைக்கும் நிமிர மாட்டேங்குது. புடுங்குற கதிர்ல இருந்து பாலு முழங்கை வரைக்கும் வடியிது, ஈ மொய்க்குது, குருவிக வந்து விழுந்து கத்துது, இவ கட்டுக் கட்டாக் கட்டி வரப்புல படுக்க வைக்கிறா, வேரு ஒரு பக்கம் தலை ஒரு பக்கம், ஒழுங்கா. குருவம்மா வரப்புல நின்னு, "மதினி, மெதுவா! ஏ மதினி!"ன்னு கத்திக் கத்தி, கடைசியில அங்கயே உக்காந்துட்டா.

உச்சியில பாத்தா, வரப்புல ஆமணக்கு எலை ஒண்ணு குழிச்சு வச்சிருக்கு, அது நெறையப் பனித்தண்ணி. அந்த வெயில்ல அது எப்படிக் காயாம இருந்துச்சோ. வேலைக்கு வந்த ஆளுக்குக் கஞ்சி. ஆவுடைத்தாய் குடிச்சா. "உப்பு பத்தல"ன்னா. எலையத் தூரப் போடாம மடியில வச்சுக்கிட்டா.

மறுநாளும் முடிச்சு, அதுக்கு மறுநாளும் முடிச்சு. அவளுக்கு அன்னைக்கு ஒரு ஆளா வந்துச்சு? நாலு ஏக்கர் அருகும் வந்துச்சே. மூணாம் நாளு மத்தியானம், குனிஞ்சிருந்தவளுக்குப் பக்கத்து வரிசையில ஒரு நிழலு. நிமிந்து பாத்தா அரிராமரு. கட்டில விட்டு எந்திரிச்சு, துண்டத் தலையில கட்டி நிக்காரு.

"எந்த வரிசையில இருந்து புடுங்கணும்?"

விதைச்சதுல இருந்து காட்டுப் பக்கம் எட்டிப் பாக்காத மனுசன். களை எடுக்க வராத மனுசன். அவர் கேட்டத அவ எத்தனை நாளு கேக்கணும்னு காத்துக் கெடந்தா! இப்பக் கேக்காரு. அப்பத்தான் ஆவுடைத்தாய்க்கு வாய் வரல. அழுகை வந்துச்சு. கையப் பாத்து, "அந்த ஓரத்துல இருந்து வாங்க. வேர உதறிப் போடுங்க"ன்னு மட்டும் சொன்னா. அவரு அவளுக்குச் சமமா வரிசை புடிச்சாரு. ரெண்டு பேரும் கல்யாணம் ஆன புதுசுல அப்படித்தான் போட்டி போட்டுக் களை எடுத்தவங்க. ஏழாம் நாளு பொழுது சாயுறதுக்குள்ள நாலு ஏக்கரும் சுத்தம். கம்பு ஒண்ணு கூட இல்ல. ரெண்டு பேரும் வரப்புல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கும்போதே, பாதத்துக்குக் கீழ சிலுசிலுன்னு அருகு ஏறி வந்துச்சு, வீட்டுக்காரி வீட்டுக்குள்ள வர்ற மாதிரி, அவசரமில்லாம.

ஊரு பூராம் அப்படித்தான். ஒவ்வொருத்தனும் அவனவன் காட்டுல குனிஞ்சான். பஞ்சத்துல போச்சு, மழையில போச்சுங்கிற மாதிரி, "இந்த வருசம் மாத்தாள்ல போச்சு"ன்னு சொல்லிப் பழகிட்டாங்க. முள்ளுல வேட்டி மாட்டுன கிழவரு மட்டும், அருகுக்கு நடுவுல கெடந்த நோஞ்சான் கம்ப அறுத்து ரெண்டு மூட்டை வீட்டுக்குக் கொண்டு போனாரு, அவர ஊரு இப்பவும் மரியாதை தெரியாதவருன்னுதான் ஏசுது. பிள்ளையாருக்கு அருகு கெடைச்சுச்சு. ஆடுகளுக்கு மூஞ்சி திரும்புச்சு. ஆபீசரு வந்தாரு, பேப்பர எடுத்தாரு. பயிர் எப்படி அழிஞ்சதுன்னு கேள்வி. மழையாலன்னு ஒரு கட்டம், மழை இல்லாமைக்கு ஒரு கட்டம், பூச்சிக்கு ஒரு கட்டம். பேனாவக் கடிச்சாரு. பழைய பேப்பரப் பாத்து, ஓரத்துல எழுதுனாரு: குடும்ப ஆட்களால்.

தை பொறந்து சோலார்க்காரன் வந்தான். ஆவுடைத்தாய் காப்பி குடுத்தா, அவன் குடிச்சான், இவங்க கையெழுத்துப் போட்டாங்க. தூளு நல்ல தூளு.

திருப்பூர்ல ஆவுடைத்தாய்க்குப் பனியன் கம்பெனியில பிசிறு வெட்டுற வேலை. துணியில நீட்டிக்கிட்டு இருக்குற நூல எல்லாம் கத்திரியால வெட்டணும். "இதுவும் களை எடுக்குறதுதான்"னு தங்கச்சி சொன்னா. ஆவுடைத்தாய் அதுக்குச் சிரிக்கல. கை மட்டும் வேகமா ஓடுச்சு, அது எங்க போனாலும் ஓடும். ஊர்ல இருந்து குருவம்மா போன்ல பேசுவா. கீகாட்டுல கண்ணாடிய வெதைச்சிருக்காங்க மதினி, கரு நீலத்துல, வரிசை வரிசையா, வெயில பூராம் அதுவே குடிச்சுருது, கீழ ஒரே நிழலு. அருகு? அருகு வெளுத்துப் போயி, நோயாளி மாதிரிக் கெடக்கு மதினி, எனக்கே பாவமா இருக்குன்னு.

ஆடி போச்சு, ஆவணி போச்சு. ஐப்பசியில ஒரு காலையில, மூணாவது மாடி, குழாய்க்குக் கொடத்த எடுத்துக்கிட்டுக் கதவத் தொறந்தா ஆவுடைத்தாய். சிமெண்டுத் தரையில, படிக்குக் குறுக்க, வேரோட ஒரு கொத்து அருகு. வெளுத்துப் போயி, நடுவுல முடிச்சுப் போட்டு.

தண்ணிக்குப் போகல. பரண் மேல இருந்த பழைய சேலை மூட்டைய எறக்கி அவுத்து, களைவெட்டிய எடுத்தா. துரு ஏறியிருந்துச்சு. படியில உக்காந்து அந்த சிமெண்டுலயே தேய்க்க ஆரம்பிச்சா, சர்ரு சர்ருன்னு, எட்டு வீடும் எட்டிப் பாக்குற மாதிரி.

அரிராமரு கண்ணக் கசக்கிக்கிட்டு வந்தாரு. வாசலப் பாத்தாரு, அவளப் பாத்தாரு. "ஏளா, அங்கதான் நம்மளுக்கு ஒரு சாண் எடம் இல்லையே. ஒரு கதிரு இல்லையே. இப்பப் போயி என்னத்தப் புடுங்கப் போற?"

ஆவுடைத்தாய் களைவெட்டியோட முனைய விரலால தடவிப் பாத்தா. நாலு ஏக்கர் அருகுக்கு ஏழு நாளு போனது எந்த மூலைக்கு?

"மாத்தாளுக்குப் போறவ, என்ன வேலைன்னு கேக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டு, பஸ்ஸுக்குப் படி எறங்கிட்டா. திரும்பிப் பாக்கல.